மனநல மாத்திரை: சீட்டு எழுதிய பிறகு நடப்பது என்ன?

மனநல சிகிச்சையில் ஒருவர் இருக்கும் வீட்டுக்கு நேர் எதிரான இரண்டு அறிவுரைகள் வந்து சேரும். "இந்த மாத்திரையை ஆரம்பித்தால் ஆயுசுக்கும் விட முடியாது, கிட்னியும் போய்விடும், சீக்கிரம் நிறுத்திவிடு" என்பார் சொந்தக்காரர். "ஒரு வேளைகூட விடக் கூடாது" என்பார் டாக்டர். யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியாமல் குடும்பம் நடுவில் நிற்கும். கடைசியில் யாரிடமும் சொல்லாமல் பாதி மாத்திரையாகக் குறைப்பது, நல்லாயிருக்கும் நாளில் விட்டுவிடுவது, தூக்கம் வராத நாளில் இரண்டாகப் போடுவது என்று ஏதோ ஒரு வழக்கம் வந்துவிடும்.

டாக்டரைப் பார்ப்பது மாதத்தில் பத்து நிமிடம். மீதி நாட்களில் அந்த மாத்திரை வெயிலோடும், காய்ச்சலோடும், மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் வலி மாத்திரையோடும், பீடியோடும் சேர்ந்து உடம்புக்குள் வேலை செய்கிறது. ஆபத்துகளில் பெரும்பங்கு அந்த மீதி நாட்களில்தான் உருவாகிறது, அதில் பலவற்றைத் தவிர்க்கவும் முடியும். எப்படி என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

எல்லாம் தூக்க மாத்திரை அல்ல

மனநல மருந்து என்றாலே தூக்க மாத்திரை என்று நினைப்பதில் முதல் குழப்பம் தொடங்குகிறது. நடைமுறையில் இவை ஐந்து வகை:

1. மனச்சோர்வு மருந்துகள்: எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின், ஃப்ளுவோக்ஸெடின் போன்றவை. பதற்றத்துக்கும், திரும்பத் திரும்ப வரும் எண்ணச் சுழற்சிக்கும்கூட இவற்றைத் தருகிறார்கள்.
2. மனச்சிதைவு மருந்துகள்: ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன், ஒலன்சபின், க்ளோசபின்.
3. மனநிலையைச் சீராக வைக்கும் மருந்துகள்: லித்தியம், வால்ப்ரோயேட், லாமோட்ரிஜின்.
4. பதற்றத்தையும் தூக்கமின்மையையும் உடனே தணிப்பவை: அல்பிரசோலம், க்ளோனசிபாம், லோரசிபாம், டயசிபாம்.
5. மேற்சொன்னவற்றின் பக்கவிளைவுக்காகத் தருபவை: ட்ரைஹெக்ஸிபெனிடில் போன்றவை.

"பழக்கமாகிவிடும்" என்ற பயம் பெரும்பாலும் நாலாவது வகைக்குப் பொருந்துவது. அல்பிரசோலம் போன்றவற்றைச் சில வாரங்களுக்கு மேல் தொடர்ந்தால் உடம்பு பழகிவிடும், அதே தூக்கத்துக்கு அதிக அளவு கேட்கும், திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். அதனால்தான் இந்தியாவில் அல்பிரசோலம், டயசிபாம், சோல்பிடெம் போன்றவை அட்டவணை எச்-1 பட்டியலில் உள்ளன. இந்தப் பட்டியல் 2014 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி மருந்துக்கடைக்காரர் எழுதிய டாக்டரின் பெயரையும் வாங்கியவரின் பெயரையும் தனிப் பதிவேட்டில் குறித்து, மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். சீட்டு இல்லாமல் இவற்றைத் தரும் கடை நமக்கு உதவி செய்கிறது என்று நினைக்கக் கூடாது.

முதல் வகை வேறு மாதிரி. இதில் போதையும் இல்லை, அளவைக் கூட்டச் சொல்லும் ஏக்கமும் இல்லை. ஆனால் பலன் மெதுவாக வரும். இரண்டு வாரத்தில் சற்றுத் தெரியும், நான்கு முதல் ஆறு வாரம் போனால்தான் இந்த மருந்து ஒத்துவருகிறதா என்று முடிவு செய்யலாம். பக்கவிளைவோ முதல் வாரத்திலேயே வந்துவிடும்: குமட்டல், தலைவலி, ஒருவித அமைதியின்மை. பலன் தெரியாமல் தொந்தரவு மட்டும் தெரியும் அந்தப் பத்து நாளில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். மருந்து எழுதும்போதே இதைச் சொல்லியிருந்தால் பாதிப் பேர் தொடர்ந்திருப்பார்கள் என்றே தோன்றுகிறது. இளைஞர்கள் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. 24 வயது வரை உள்ள சிலருக்குத் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடலாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இந்த மருந்துகளின் மேலுறையிலேயே எச்சரிக்கிறது. குழந்தைகளுக்கும் பதின்வயதினருக்கும் 2004-ல் வந்த எச்சரிக்கை அது, 2007-ல் 24 வயது வரை நீட்டப்பட்டது. மருந்தே கூடாது என்பது இதன் பொருள் அல்ல. முதல் மாதம் வீட்டில் யாராவது கூடவே இருந்து கவனிக்க வேண்டும், டாக்டரை இரண்டு வாரத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும்.

லித்தியம்: அளவு மாறாமலே அளவு கூடும் மருந்து

ஒரு மருந்தை மட்டும் கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் மற்றதும் புரிந்துவிடும். அதற்கு லித்தியமே பொருத்தம்.

ஐம்பது வயதுக்காரர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். இருதுருவ மனநிலைக் கோளாறு, அதாவது மனவெறியும் மனச்சோர்வும் மாறி மாறி அலையாக வரும் நோய். எட்டு வருடமாக லித்தியம் சாப்பிடுகிறார், நன்றாக இருக்கிறார், வேலைக்குப் போகிறார். மே மாதம், வீட்டில் கல்யாணம். பத்திரிகை வைக்க வெயிலில் அலைகிறார். நடுவில் இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. முழங்கால் வலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடுகிறார். பிரஷர் கொஞ்சம் கூட என்று யாரோ சொன்னதால் சாப்பாட்டில் உப்பையும் குறைத்துவிட்டார். ஐந்தாம் நாள் காலையில் காபி டம்ளரைப் பிடித்தால் கை உதறி, காபி சட்டையில் சிந்துகிறது. மத்தியானம் பேச்சு குழறுகிறது. சாயங்காலம் நடை தள்ளாடுகிறது. பார்ப்பவர்கள் குடித்திருக்கிறார் என்கிறார்கள். லித்தியத்தை அவர் ஒரு வேளையும் விடவில்லை, ஒன்றுகூட அதிகமாகவும் போடவில்லை. ஆனாலும் அவர் ரத்தத்தில் லித்தியம் நச்சு அளவைத் தொட்டுவிட்டது.

இது எப்படி நடக்கிறது? லித்தியம் ஒரு உப்பு, சோடியத்தின் சொந்தக்கார உப்பு. கல்லீரல் இதை உடைப்பதில்லை. வந்தது வந்தபடியே சிறுநீரில் போக வேண்டும். உடம்பில் நீரும் உப்பும் குறையும்போது சிறுநீரகம் சோடியத்தை வெளியே விடாமல் உள்ளே இழுத்துக்கொள்ளும். சோடியத்தையும் லித்தியத்தையும் சிறுநீரகத்தால் சரியாகப் பிரித்துப் பார்க்க முடியாது, லித்தியத்தையும் சேர்த்தே இழுத்துக்கொள்ளும். வெயில், வாந்தி, வயிற்றுப்போக்கு, பட்டினி விரதம், உப்பில்லாச் சாப்பாடு எல்லாம் ஒரே விளைவைத்தான் தரும். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரொஃபென் போன்ற வலி மருந்துகள் வேறு வழியில் அதே இடத்துக்கு வருகின்றன: சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைத்து லித்தியம் வெளியேறுவதைத் தடுக்கின்றன. பிரஷர் மருந்துகளில் எனலாப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன் ஆகியவையும், ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் போன்ற நீர் மாத்திரைகளும் லித்தியத்தைக் கூட்டும். டெல்மிசார்டனும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்தே வரும் மாத்திரை நம் ஊர்க் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது. பிரஷருக்கு அதை எழுதும் டாக்டருக்கு, இவர் லித்தியம் சாப்பிடுகிறார் என்று யாராவது சொன்னால்தானே தெரியும்?

இந்த மருந்தில் பலன் தரும் அளவுக்கும் நச்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருந்தால் வேலை செய்யும். 1.5-ஐத் தாண்டினால் நச்சு. 2-க்கு மேல் போனால் உயிருக்கே ஆபத்து, சில நேரம் டயாலிசிஸ் செய்ய வேண்டிவரும். இந்தக் கணக்கு தெரியாத காலத்தில் அதற்குக் கொடுத்த விலை பெரிது. 1949-ல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற மருத்துவர், லித்தியம் மனவெறியை அடக்குகிறது என்று எழுதினார். அதே வருடம் அமெரிக்காவில், இதய நோயாளிகள் சமையல் உப்புக்குப் பதிலாக லித்தியம் குளோரைடைத் தூவிச் சாப்பிட்டதில் சிலர் இறந்துபோக, அது தடை செய்யப்பட்டது. ஒரே பொருள், ஒரே வருடம். ரத்தத்தில் அளந்து பார்க்கும் முறை வந்த பிறகே இது நம்பித் தரக்கூடிய மருந்தாயிற்று. அமெரிக்கா 1970-ல்தான் அனுமதித்தது.

இவ்வளவு தொல்லை பிடித்த மருந்தை ஏன் இன்னும் தருகிறார்கள்? இருதுருவக் கோளாறில் மறுபடி மறுபடி வரும் அலைகளைத் தடுப்பதிலும், தற்கொலையைக் குறைப்பதிலும் லித்தியம் அளவுக்குச் சான்று உள்ள மருந்துகள் மிகச் சில. பயந்துபோய் இதை ஒதுக்குவதும் உயிர் சம்பந்தப்பட்ட முடிவுதான்.

சரி, அளந்து பார்ப்பதை எப்படிச் செய்வது?

1. கடைசி வேளைக்குப் பிறகு 12 மணி நேரம் கழித்தே ரத்தம் கொடுக்க வேண்டும். ராத்திரி ஒன்பதுக்கு மாத்திரை போட்டால் காலை ஒன்பதுக்கு ரத்தம். காலை வேளை மாத்திரை இருந்தால், ரத்தம் கொடுத்த பிறகு போடலாம். மாத்திரை போட்டுவிட்டு லேபுக்குப் போனால் எண் பொய்யாகக் கூடும், டாக்டர் தேவையில்லாமல் அளவைக் குறைப்பார்.
2. ஆரம்பித்ததும், அளவை மாற்றியதும், சுமார் ஒரு வாரம் கழித்து பரிசோதனை. நிலையான பிறகு முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. வயதானவர்களுக்கும் பிரஷர் மருந்து சாப்பிடுபவர்களுக்கும் மூன்று மாதமாகவே இருக்கட்டும்.
3. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை), தைராய்டு, கால்சியம் மூன்றும் பார்க்க வேண்டும். "கிட்னி போய்விடும்" என்று பயமுறுத்தும் சொந்தக்காரர் சொல்வதில் உண்மையின் துணுக்கு ஒன்று உண்டு: பல வருடம் சாப்பிடும் சிலருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைகிறது, இன்னும் பலருக்குத் தைராய்டு குறைகிறது. இரண்டையும் ரிப்போர்ட்டில் முன்னாலேயே பார்த்துவிடலாம்.
4. லேபில் ரத்தம் எடுப்பவரிடம் "இது லித்தியம் டெஸ்ட்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ரத்தம் உறையாமலிருக்கச் சில குழாய்களில் லித்தியம் ஹெப்பாரின் தடவியிருப்பார்கள். அதில் எடுத்தால் குழாயிலுள்ள லித்தியமும் கணக்கில் சேர்ந்துவிடும்.

கை லேசாக நடுங்குவதும், தாகமும், அடிக்கடி சிறுநீர் போவதும் சரியான அளவிலேயே வரக்கூடியவை. நடுக்கம் உதறலாக மாறுவது, வாந்தி, வயிற்றுப்போக்கு, பேச்சுக் குழறல், தள்ளாட்டம், மயக்கக் கலக்கம் ஆகியவை நச்சின் அடையாளங்கள். அப்போது அடுத்த வேளையைப் போடாமல், மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். வலிக்குப் பாரசிட்டமால் போடலாம், அது லித்தியத்தைக் கூட்டாது.

க்ளோசபின்: வாராவாரம் ஊசி குத்துவது எதற்கு?

வேறு இரண்டு மருந்துகளாவது கேட்காத மனச்சிதைவுக்கு க்ளோசபின். 1975-ல் பின்லாந்தில் இதைச் சாப்பிட்டவர்களில் எட்டுப் பேர் ரத்த வெள்ளணுக்கள் திடீரென்று அற்றுப்போய் இறந்தார்கள். பல நாடுகளில் மருந்து ஓரங்கட்டப்பட்டது. 1988-ல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், மற்ற மருந்துகளுக்கு மசியாத நோயாளிகளில் 30 சதவீதம் பேர் க்ளோசபினில் தேறினார்கள். ஒப்பிட்டுப் பார்த்த குளோர்ப்ரோமசினில் 4 சதவீதம்தான். மறுவருடம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, ரத்தப் பரிசோதனை கட்டாயம் என்ற நிபந்தனையோடு. வெள்ளணு அற்றுப்போகும் விபத்து நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே வருகிறது, பெரும்பாலும் முதல் சில மாதங்களில். பிரிட்டன் வழக்கப்படி முதல் 18 வாரம் வாரம் ஒருமுறையும், ஒரு வருடம் முடியும் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும், பிறகு மாதம் ஒருமுறையும் ரத்தம் பார்க்கிறார்கள்.

2025-ல் அமெரிக்க எஃப்.டி.ஏ. க்ளோசபினுக்கான கட்டாயப் பதிவுத் திட்டத்தை நீக்கியது. இனி ரத்தம் பார்க்கவே வேண்டாம் என்று இதைப் புரிந்துகொண்டால் தவறு. ரிப்போர்ட்டைப் பதிவு செய்தால்தான் மருந்து என்ற கெடுபிடிதான் போனது. வெள்ளணு எண்ணிக்கையைப் பார்த்துவரும்படி சொல்லும் பரிந்துரை அப்படியே இருக்கிறது.

வெள்ளணுவைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். வீட்டில் கவனிக்க வேண்டிய நான்கு விஷயங்களைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை:

1. காய்ச்சல், தொண்டை வலி வந்தால் அன்றே ரத்த எண்ணிக்கை பார்க்க வேண்டும்.
2. மலச்சிக்கல். கேட்கச் சின்ன விஷயம்தான், ஆனால் இந்த மருந்தில் குடலே அசையாமல் நின்றுபோய் இறந்தவர்கள் உண்டு. மூன்று நாள் மலம் போகாமல் வயிறு வீங்கினால் காத்திருக்கக் கூடாது.
3. பீடி, சிகரெட். புகையில் உள்ள பொருட்கள் க்ளோசபினை உடைக்கும் கல்லீரல் நொதியை முடுக்கிவிடுகின்றன. புகைப்பவருக்குக் கணக்குப் பண்ணி வைத்த அளவு, அவர் மருத்துவமனையில் சேர்ந்து பீடி நின்றதும் ஒரே வாரத்தில் அதிகமாகிவிடும். பீடியை விடுவது நல்லதுதான், டாக்டரிடம் சொல்லிவிட்டு விட வேண்டும்.
4. இரண்டு நாளுக்கு மேல் மருந்து விட்டுப்போனால் பழைய அளவில் மறுபடி தொடங்கக் கூடாது. ரத்த அழுத்தம் சரிந்து மயங்கி விழலாம். 12.5 மில்லிகிராமிலிருந்து திரும்ப ஏற வேண்டும்.

ஒலன்சபினில் எடையும் சர்க்கரையும் கூடும், தொடங்கும்போதும் மூன்றாம் மாதத்திலும், அப்புறம் மருந்து தொடரும் வரை வருடத்துக்கு ஒருமுறையாவதும் எடை, வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு பார்க்க வேண்டும். ஹாலோபெரிடால் ஊசி போட்ட சில மணி நேரத்தில் கழுத்து ஒரு பக்கம் திருகி, கண் மேலே செருகிக்கொள்ளலாம். பேய் பிடித்ததாக நினைத்துக் கோயிலுக்குத் தூக்கிப்போக வேண்டாம், மாற்று ஊசி போட்டால் அரை மணி நேரத்துக்குள் தளர்ந்துவிடும். வால்ப்ரோயேட் விஷயம் இன்னும் கனமானது. கருவுற்றிருக்கும்போது சாப்பிட்டால் பத்தில் ஒரு குழந்தைக்கு உறுப்புக் குறையும், பத்தில் மூன்று நான்கு குழந்தைகளுக்கு வளர்ச்சிக் குறைபாடும் வருகின்றன. குழந்தை பெறும் வயதுப் பெண்ணுக்கு வேறு வழி இருக்கும்போது இதை எழுதுவதை ஏற்க முடியாது. எழுதினால் கருத்தடை பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும். கல்யாணம் பேசும் வீட்டில் இந்தப் பேச்சை எடுக்கக் கூச்சப்படுகிறார்கள், அந்தக் கூச்சத்தின் விலையை ஒரு குழந்தை சுமக்கிறது.

நிறுத்துவது: கடைசி படிதான் உயரம்

மனச்சோர்வு முதல்முறை வந்தவருக்கு, தேறிய பிறகும் ஆறு முதல் ஒன்பது மாதம் வரை மருந்து தொடர வேண்டும். அப்புறம் பலரும் நிறுத்தலாம். சிக்கல் நிறுத்தும் விதத்தில் இருக்கிறது.

20 மில்லிகிராமை 10 ஆக்கி, 10-ஐ 5 ஆக்கி, 5-லிருந்து நிறுத்திவிட்டால் மெதுவாகக் குறைத்ததாகத் தோன்றும். மூளை பார்க்கும் கணக்கு வேறு. சிட்டலோபிராம் என்ற மனச்சோர்வு மருந்து 20 மில்லிகிராமில், அது பிடிக்க வேண்டிய செரட்டோனின் கடத்திகளில் (மூளையில் செரட்டோனின் என்ற ரசாயனத்தை உறிஞ்சிக்கொள்ளும் புரதங்களில்) சுமார் 80 சதவீதத்தைப் பிடித்துவிடுகிறது. 9 மில்லிகிராமாகப் பாதிக்கும் கீழே குறைத்தாலும் சுமார் 70 சதவீதம் பிடியில் இருக்கும். முதல் பாதியைக் குறைத்ததில் போனது பத்து சதவீதம்தான். கடைசிச் சில மில்லிகிராமில் மீதி முழுவதும் சரிகிறது. 2019-ல் லண்டனைச் சேர்ந்த மார்க் ஹோரோவிட்ஸ், டேவிட் டெய்லர் இருவரும் இந்தக் கணக்கை எடுத்துக்காட்டி, கீழே வரவர இன்னும் சின்னச் சின்னப் படிகளாக இறங்க வேண்டும் என்று எழுதினார்கள். அதே வருடம் பிரிட்டனின் மனநல மருத்துவர் கல்லூரியும், நிறுத்தும்போது வரும் தொல்லைகள் சிலருக்குக் கடுமையாகவும் நீண்டும் இருக்கும் என்று தன் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டது.

தலைசுற்றல், தலைக்குள் மின்சாரம் பாய்ந்ததுபோன்ற வெட்டு, எரிச்சல், விசித்திரக் கனவுகள் ஆகியவை நிறுத்திய சில நாட்களுக்குள் வந்தால் பெரும்பாலும் மருந்து குறைந்ததன் விளைவு. வாரங்கள், மாதங்கள் கழித்துப் பழைய துக்கமும் ஆர்வமின்மையும் மெல்லத் திரும்பினால் அது நோய். இந்த வித்தியாசம் தெரியாததால், "விட்டதும் நோய் வந்துவிட்டது, இனி ஆயுசுக்கும் மாத்திரைதான்" என்று சிலர் தேவையில்லாமல் முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்.

அலமாரியில் இருக்கும் மாத்திரை

பத்து மாத்திரை அட்டையில் நான்கை மட்டும் கத்தரிக்கோலால் வெட்டித் தருவார் கடைக்காரர். மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் பெரும்பாலும் வெட்டிய மறுபாதியில் போய்விடும். நள்ளிரவில் அவசரத்துக்குப் போகும்போது கையில் இருப்பது பெயரில்லாத வெள்ளை மாத்திரை. இயன்றவரை முழு அட்டையாக வாங்குங்கள், முடியாவிட்டால் பெயர் உள்ள பகுதியைக் கேளுங்கள். இரண்டு டாக்டரிடம் காட்டுபவர்கள், பிராண்டு பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் பார்க்க வேண்டும். இரண்டு பிராண்டுக்குள் ஒரே க்ளோனசிபாம் இருந்து இரட்டிப்பாகச் சேருவது நடக்கிறது. அட்டையில் எஸ்.ஆர்., சி.ஆர்., ஈ.ஆர். என்று இருந்தால் மெல்ல மெல்லக் கரையும் மாத்திரை, பொடிக்கக் கூடாது.

பொடிப்பது என்றதும் இன்னொன்று. மருந்து வேண்டாம் என்று மறுப்பவருக்கு மோரிலோ சாம்பாரிலோ கலந்து கொடுக்கும் அம்மாக்களும் அண்ணிகளும் இருக்கிறார்கள். வேறு வழி தெரியாமல், பாசத்தோடு செய்வதுதான். ஆனால் பாதி மோரை அவர் வைத்துவிட்டால் எவ்வளவு போயிற்று என்று தெரியாது. சாப்பிடுவதே தெரியாதவரை லித்தியம் டெஸ்டுக்கு அழைத்துப்போகவும் முடியாது. ஒருநாள் தெரியவந்தால் சாப்பாட்டில் விஷம் வைக்கிறார்கள் என்ற அவர் சந்தேகத்துக்கு வீடே சாட்சி சொன்னதாகிவிடும். டாக்டரிடம் இதை மறைக்காமல் சொல்லுங்கள். இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசிகள் இருக்கின்றன, அவர் தெளிவாக இருக்கும் ஒரு நாளில் பேசிச் சம்மதம் வாங்க முடியும். தெளிவான நாளிலேயே, பின்னால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று எழுதிவைக்கும் உரிமையை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் தருகிறது.

மாத்திரை இலவசம், பரிசோதனை?

அதே சட்டத்தின் 18-ஆம் பிரிவு, அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகளை அரசு மருத்துவமனைகளில் எப்போதும் இலவசமாகத் தர வேண்டும் என்கிறது. 25-ஆம் பிரிவு, தன் மருத்துவப் பதிவேட்டைக் கேட்டுப் பெறும் உரிமையைத் தருகிறது. டாக்டர் மாறும்போது இதுதான் கைகொடுக்கும். தொலைபேசியில் ஆலோசனை கேட்க டெலிமானஸ் 14416 இருக்கிறது, 2022 அக்டோபரில் தொடங்கியது, தமிழிலும் பேசலாம்.

லித்தியம் விஷயத்தில் மாத்திரை மட்டும் இலவசமாகக் கிடைத்தால் பாதிச் சிகிச்சைதான் கிடைத்தது. ரத்த அளவு பார்க்கும் வசதி பக்கத்தில் இல்லாவிட்டால், கூலி வேலைக்குப் போகிறவர் ஒருநாள் சம்பளத்தை விட்டு, பஸ் ஏறி, தனியார் லேபில் காசு கட்ட வேண்டும். முதல் இரண்டு தடவை செய்வார். மூன்றாம் தடவை விட்டுவிடுவார். லித்தியமும் க்ளோசபினும் தரும் ஒவ்வொரு மாவட்ட மனநலப் பிரிவும் மாத்திரை தரும் அதே நாளில், அதே கட்டடத்தில் ரத்தமும் எடுக்க வேண்டும். அது நடக்கும் வரை, டாக்டர் சீட்டில் லித்தியம் என்று எழுதியதும் கேட்க வேண்டிய கேள்வி: "டெஸ்ட் எங்கே எடுக்கணும், எந்தத் தேதியில் எடுக்கணும் டாக்டர்?"